சும்மாதான்

"'உலகெங்கும் பரந்து வாழும் நம் குடும்பத்தாருக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு! குளியலறைக் குழாய் தன் முப்பதாண்டுச் சேவையிலிருந்து இன்று ஓய்வு பெற்றது!' இப்படித்தானேக்கா அப்பா எழுதுவாரு? இன்னிக்குப் பாரு."

வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபடியே தம்பி கைபேசியை நீட்டினான். உலகெங்கும் பரந்த அந்தக் குடும்பம் மொத்தம் நான்கு பேர்.

குடும்பக் குழுவில், காலை ஆறு மணிக்கு, அப்பாவின் எண்ணிலிருந்து வந்திருந்தது: 'சும்மாதான். முடிஞ்சா வாங்க.'

"ஒரு ஆச்சரியக்குறி கூட இல்லடா," அக்கா அழைப்பு மணியை அழுத்தினாள். "அப்பா 'சும்மாதான்'னு ஆரம்பிச்சா, ஏதோ பெருசு. ரெண்டு பேர் ஃபோனும் ஆஃப் வேற."

கதவு திறந்தது.

"வருக, வருக! முன்னறிவிப்பின்றி எழுந்தருளிய மாண்புமிகு மக்களே!"

தம்பி பாய்ந்து கட்டிக்கொண்டான். "உடம்புக்கு என்னப்பா?"

"எனக்கென்னடா? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

அக்கா செய்தியைக் காட்டினாள். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படித்தார். முகம் சிவந்தது.

"இதுவா என் நடை? முப்பத்தெட்டு வருஷம் ஆபீஸ் சுற்றறிக்கை எழுதின கைடா இது! போன வாரம் எப்படி எழுதினேன்? 'நம் இல்லத்தின் பார்வைத் துறையில் வரும் புதன்கிழமை மாபெரும் சீர்திருத்தம்!' அது நடை! நீங்ககூட ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டீங்களே?"

"புது டிவி வாங்குறீங்கன்னு நெனச்சோம்பா," அக்கா முனகினாள்.

அம்மா சுவரைத் தடவியபடி வெளியே வந்தாள்.

"நான்தான் தட்டினேன். ஃபோனை அணைச்சு வச்சதும் நான்தான். எடுத்துப் பேசியிருந்தா வந்திருப்பீங்களா?"

அப்பா வாயைத் திறந்தார். அம்மா கையைக் காட்டினாள். மூடிக்கொண்டார்.

அக்காவின் முகத்தை இரு கைகளாலும் பிடித்து, மூக்கோடு மூக்கு உரசும் அளவுக்கு அருகில் இழுத்துப் பார்த்தாள் அம்மா.

"இளைச்சிட்டியாடி? சரியாத் தெரியலை. நாளன்னிக்குச் சொல்றேன்."

"அது என்னம்மா நாளன்னிக்கு?"

"பார்வைத் துறைன்னா என் கண்ணு. நாளைக்கு ஆபரேஷன்."