நாலு விரல்

"ஒன்பது இன்னிங்ஸுல இந்தப் பையனுக்குக் கடைசி ஒண்ணு போதும். அதுக்கு மேல குடுத்தா அடி வாங்குவான்."

எவெனோர் இதை ரகசியமாகச் சொல்லவில்லை. மொத்த பேஸ்பால் அணியும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நோர்வினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

நோர்வினுக்குப் பத்தொன்பது வயது. அணிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மணிக்குத் தொண்ணூற்றாறு மைல் வேகத்தில் வீசுவான். நகரோத்தே ஊரில் அப்படி ஒரு கையை யாரும் பார்த்ததில்லை. முதல் இன்னிங்ஸிலேயே இறங்கி ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக வேண்டும் என்பது அவன் ஆசை.

எவெனோருக்கு முப்பத்தாறு. அந்த வேகத்தைப் பிடிக்கிற கேட்சர். பதினாறு வருஷமாக மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திக் குந்தி முழங்கால் தேய்ந்தவர்.

மேனேஜர் டான் லிசிமாக்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஏன்ப்பா? இவன் வேகத்துக்கு முன்னாடி எவன் நிப்பான்?"

"மட்டைக்காரங்க முதல் ரவுண்டு வர்றப்ப எவனும் நிக்க மாட்டான். ரெண்டாவது ரவுண்டுல கண்ணு பழகிடும். மூணாவது ரவுண்டுல பந்து சர்ச்சுக்கு அந்தப் பக்கம் போய் விழும். இவன்கிட்ட இருக்கறது ஒரே பந்து. வளைவுப் பந்துன்னு ஒண்ணு போடுறான், அது வளையறதுக்குள்ள நமக்கு வயசாயிடும். மெதுவான பந்து ஒண்ணு கத்துக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நோர்வின் சிரிக்கவில்லை.

"பொறாமை அண்ணே உங்களுக்கு."

"ஆமாண்டா. உன் முகப்பருவைப் பார்த்து."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸுக்கு நோர்வினை இறக்கினார்கள். ஒரு ரன் முன்னிலை. எவெனோர் முட்டிகளுக்கு நடுவே நாலு விரல் காட்டினார். நாலு விரல் என்றால் மெதுவான பந்து.

நோர்வின் தலையாட்டி மறுத்தான். மறுபடி நாலு விரல். மறுபடி மறுப்பு. மறுபடி நாலு விரல்.

"நிச்சயதார்த்தம் பேசி முடிச்சுட்டீங்கன்னா ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா?" என்றார் நடுவர்.

நோர்வின் வேண்டா வெறுப்பாக வீசினான். பந்து மிதந்து வந்தது. மட்டைக்காரன் ஒரு காபி குடித்துவிட்டு அடித்திருக்கலாம். வேலியைத் தாண்டிப் போய், வெளியே ரொட்டியில் சுருட்டிய பாலாடைக்கட்டி விற்ற அம்மாளின் குடையைக் கிழித்தது.

அணி தோற்றது.

"யோவ் கிழவா! நீ எந்த டீமுக்குய்யா ஆடுற?" என்று கூட்டம் கத்த, ஆரஞ்சுத் தோல்கள் பறந்து வந்தன.

அடுத்த வாரமும் நாலு விரல். அதற்கடுத்த வாரமும் அதேதான். எவெனோருக்கு ஊரே 'நாலு விரல்' என்று பேர் வைத்துவிட்டது. குடை போன அம்மாள் மட்டும் அதைவிட மோசமான பேர் ஒன்று வைத்திருந்தாள்.

நோர்வினுக்கு ரோஷம் வந்தது. 'இந்தாளு வாயை அடைக்கிறேன் பாரு' என்று தினமும் சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் மெத்தையைச் சாய்த்து வைத்து வீசினான். பந்தை உள்ளங்கையில் ஆழமாக அழுத்திப் பிடித்துப் பார்த்தான். விரல்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். அஞ்சு வாரத்தில் மெத்தைக்குக் குடல் வெளியே வந்துவிட்டது. அம்மா தரையில் படுத்தாள். ஆனால் கை அதே வேகத்தில் சுழல, பந்து மட்டும் பின்தங்கி வர ஆரம்பித்தது.

ஆறாவது வாரம், வழக்கமாகத் தொடங்குகிற பிட்சருக்குக் காய்ச்சல். அன்றைக்குப் பார்த்து தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்து உட்கார்ந்திருந்தார். டான் லிசிமாக்கோ வேறு வழியில்லாமல் நோர்வினைத் தொடக்கத்திலேயே இறக்கினார்.

வேகம். மறுபடி வேகம். அப்புறம் நாலு விரல்.

மட்டைக்காரன் முழுசாகச் சுழற்றி, நிலைகுலைந்து, மண்டி போட்டு விழுந்தான். அதற்கப்புறம்தான் பந்து சாவகாசமாக வந்து சேர்ந்தது. நடுவரே சிரித்துவிட்டார்.

எட்டு இன்னிங்ஸ். பதினோரு பேர் பந்தைத் தொடாமலே திரும்பிப் போனார்கள்.

"தொடக்க பிட்சராவே எடுத்துக்கறோம்," என்றார் வந்தவர். ரேடியோக்காரர் எவெனோரைத் தீர்க்கதரிசி என்று நாலு தடவை சொன்னார்.

மறுநாள் காலை, சோள மாவில் இறைச்சி வைத்து வாழையிலையில் கட்டி அவித்த சுடச்சுட நக்கத்தமால் வாங்கிக்கொண்டு நோர்வின் மன்னிப்புக் கேட்கப் போனான். எவெனோரின் மனைவி எர்மெலிந்தா கதவைத் திறந்தாள். உள்ளே எவெனோர், இடது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, நேத்து ஆட்டத்துல அடியா அண்ணே?"

"நேத்தா?" என்றாள் எர்மெலிந்தா. "நீ வந்த முதல் வாரமே உடைஞ்ச கட்டை விரல் தம்பி. கிளவுஸுக்குள்ள மறைச்சு மறைச்சே ஆடினார். நேத்து எட்டு இன்னிங்ஸ் பிடிச்சதுல தாங்காமத்தான் இந்தக் கட்டு. ரெண்டு மாசமா சட்டைக்குப் பட்டன் போட்டு விடறது நான்தான்."

"நீ சும்மா இருடி. முப்பத்தாறு வயசுல ஒரு தடவை வெளிய உட்கார்ந்தா அப்புறம் யாரு உள்ள விடுவா?" என்று முணுமுணுத்தார் எவெனோர்.

நோர்வின் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரே ஒரு இன்னிங்ஸ். மெதுவான பந்து.

"அடப்பாவி அண்ணே! அப்போ அந்த நாலு விரல் எனக்காக இல்லையா? உங்க கட்டை விரலுக்காகவா?"

"பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கோயேன்."

நோர்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் அந்த மாவுக்கட்டைப் பார்த்து அவன் குரல் இறங்கியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊரே உங்களைத் திட்டுச்சு. சொல்லியிருந்தா நானே வேகத்தைக் குறைச்சிருப்பேனே."

"அதனாலதாண்டா சொல்லல," என்றார் எவெனோர். "பிடிக்கறவனுக்கு வலிக்குமேன்னு நீ ஒரு நாள் நினைச்சிருந்தா போதும். அப்புறம் ஜென்மத்துக்கும் உன் கைக்கு அந்தத் தொண்ணூத்தாறு திரும்ப வந்திருக்காது."