பாட்டிலில் யார் பேர்?

மலைச்சரிவில் சிவப்பு ஒயினுக்கான ஒரு திராட்சைத் தோட்டம். அங்கே காட்டுத் திராட்சையின் வேர்க்கட்டைமேல் ஷிராஸ் என்கிற உயர்ரகக் கொடியை ஒட்டுக் கட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் கல்லைக் குடைந்து தண்ணீர் தேடுவது கட்டை. பாட்டிலில் பெரிய எழுத்தில் வருவதோ ஷிராஸின் பேர்.

“உழைக்கிறது நான், பேர் வாங்குறது இவளா?” கட்டைக்கு வயிறு எரிந்தது. பழம் கறுக்கும் சமயம் பார்த்துத் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“அண்ணே, நாக்கு வறளுதே,” என்று ஷிராஸ் கெஞ்சினாள்.

“மண்ணுலேயே ஈரம் இல்லம்மா,” என்று கட்டை கூசாமல் புளுகியது.

பழங்கள் சுண்டிச் சிறுத்தன. தண்ணீர் குறைந்த சாறு மையாய்க் கறுத்து, இனிப்பும் மணமும் கூடித் திரண்டது. அந்த வருஷத்து ஒயினைக் குடித்தவர்கள் சொக்கிப்போனார்கள். முதலாளி ஷிராஸின் பேரைத் தங்க எழுத்தில் அச்சடித்தார்.

“எல்லாம் உங்க புண்ணியம் அண்ணே,” என்றாள் ஷிராஸ்.

கட்டைக்கு அது இன்னும் சுட்டது. மறுவருஷம், பழம் நீர்த்துக் கெடட்டும் என்று இருந்த தண்ணீரையெல்லாம் மேலே தள்ளியது. பழங்கள் உப்பின, ஒயின் கழுநீர் மாதிரி சப்பென்று போனது. முதலாளி ஒரு வாய் வைத்துத் துப்பினார்.

“வெட்டுங்கடா இந்தக் கொடியை!”

ரம்பம் ஓடியபோது கட்டைக்கு வலிக்கவே இல்லை. இனி துளிர்த்தால் தன் இலை, காய்த்தால் தன் பழம், பாட்டிலில் தன் பேர் என்று பூரித்துக் கிடந்தது.

மறுநாள் காலை வெட்டுவாயில் வேறொரு உயர்ரகக் கொடியின் குச்சியைச் செருகி இறுகக் கட்டினார்கள்.

“வணக்கம் அண்ணே,” என்றது குச்சி. “பாட்டிலுக்கு என் பேரை இப்பவே அச்சடிச்சாச்சாம். கொஞ்சம் தண்ணி குடுங்களேன்.”