வழி சொல்ல ஓர் ஆள்

"ரெண்டு பேரும் ஒரே கார்லதான் உக்காரணுமா அங்கிள்?"

தீப்தி இப்படிக் கேட்டதும் கார் கிளப்பைச் சேர்ந்த ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பின்னே? ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பக்கத்துல உக்காந்து வழி சொல்லணும். அதுதாம்மா ரேலி."

அவள் அஸ்வத்தைப் பார்த்தாள். அவன் கார்ச் சாவியைப் பார்த்தான்.

பசுமலை மைதானத்தில் கார்கள் வரிசையாக நின்றன. கார்களும் பழசு, ஓட்டுகிறவர்களும் பழசு. ஒருவர் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். இன்னொருவர் மாத்திரை டப்பாவோடு வந்திருந்தார். கிளப்பில் கடைசியாகச் சேர்ந்த 'பையனு'க்கே ஐம்பது தாண்டிவிட்டது. "இளசுக யாரும் வரலேன்னா இதுதான்யா கடைசி ரேலி" என்று செயலாளர் ஹாலாஸ்யம் போன கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். காலேஜ் காலேஜாகப் போய் நோட்டீஸ் கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகளைக் கெஞ்சி ரீல் போடச் சொன்னார்கள். ஓர் ஈ காக்கைகூட வரவில்லை.

கொடி அசைக்கப் போகிற நேரத்தில்தான் அஸ்வத் காரிலும், தீப்தி ஆட்டோவிலுமாக வந்து இறங்கினார்கள். ரெண்டு பேருக்கும் முப்பதுக்குள்தான் இருக்கும். "கவுன்சிலிங் மேடம் போயிட்டு வரச் சொன்னாங்க" என்றாள் தீப்தி. ஜெயபாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"புதுசுக. பின்னாடி யாராச்சும் உக்காந்து பாத்துக்கணுமே" என்றார் ஹாலாஸ்யம்.

"நான் போறேன்" என்று ஜெயபாண்டி அதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இதுல வேகமாப் போறவன் ஜெயிக்க மாட்டான். சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்துக்குப் போகணும். முந்தினாலும் மார்க் போகும், பிந்தினாலும் போகும். நீங்க ரோட்ட மட்டும் பாருங்க. ஏம்மா, நீ அந்த ரூட் சார்ட்ட மட்டும் பாரு."

கார் கிளம்பியது. திருநகர் தாண்டியும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு முக்கு வந்தது.

"லெஃப்டா ரைட்டான்னு கேளுங்க அங்கிள்" என்றான் அஸ்வத், கண்ணாடி வழியாக.

"லெஃப்டுன்னு சொல்லுங்க அங்கிள்" என்றாள் தீப்தி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"ஆத்தாடி! நான் வாயத் தொறந்தா உங்களுக்குத்தான் மார்க் போகும். என்னைய விட்டுருங்கப்பா."

அண்ணன் தங்கச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் வளர்ந்ததுகள்தான் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளுக்குள் பயம். வந்ததே ரெண்டு பேர். பாதி வழியில் அடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டால் கிளப்புக்கு மூடுவிழாதான்.

அவர் பயந்தபடியே நடந்தது. வயல்களுக்கு நடுவில் போன மண்பாதை ஒரு கண்மாய்க் கரையில் முட்டி நின்றது. மேலே போக வழியில்லை.

"அய்யனார் கோயில்ல திரும்பணும்னு சொன்னேன்ல?"

"எப்பச் சொன்ன?"

"மெதுவாச் சொன்னேன்."

"உனக்குள்ளயே சொல்லிக்கிட்டா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"சத்தமாச் சொன்னா கத்துறேன்னு சொல்லுவ."

அஸ்வத் இன்ஜினை அணைத்தான். ஸ்டியரிங்கில் கைவைத்தபடி கண்மாயையே பார்த்தான். தண்ணீரில் நாரைகள் நின்றிருந்தன.

"சரி, கத்து" என்றான் அவன். "கோவிச்சுக்க மாட்டேன்."

அதன்பிறகு தீப்தி போட்ட சத்தத்தில் ஜெயபாண்டிக்குக் காது அடைத்துவிட்டது. "ரைட்டு! ரைட்டு! ஐயோ, அந்த ரைட்டு இல்ல, அடுத்த ரைட்டு!" என்று அவள் கத்த, அவன் தப்பாகத் திரும்ப, ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் கார் மூக்கை நுழைத்து நின்றது. ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த பசுவே எழுந்துகொண்டது. அடுத்த ஊரில் ஆட்டுமந்தை மறித்தது. தீப்தி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி விரட்டினாள். வழிதவறிய குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அஸ்வத் பின்னாலேயே ஓடினான்.

"வேகமாப் போகவா?" என்று கேட்டான், திரும்ப ஏறியதும்.

"வேணாம். மெதுவாவே போ" என்றாள்.

திருமங்கலத்தில் மற்ற கார்கள் எல்லாம் வந்து, எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இருந்தாலும் அத்தனை பெரியவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹாலாஸ்யம் ஓடிப்போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அஸ்வத் ஜெயபாண்டியின் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்."

"நான்ல தம்பி உங்களுக்கு நன்றி சொல்லணும்! நீங்க வரலேன்னா இன்னியோட இந்தக் கிளப்ப மூடியிருப்போம்." அவரும் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அடுத்த ரேலிக்கும் வருவீகளா? உங்க வயசுப் பிள்ளைகளா நாலு பேரக் கூட்டிட்டு வந்தீகன்னா புண்ணியமாப் போகும்."

"நாலு பேரா? ஒரு வேன் நிறையக் கூட்டிட்டு வாரோம் அங்கிள்" என்றாள் தீப்தி.

"அம்புட்டுப் பேரா! எல்லாம் உங்க காலேஜ் சிநேகிதங்களா?"

தீப்தி அஸ்வத்தைப் பார்த்தாள். இந்த முறை அவனும் அவளைப் பார்த்தான்.

"இல்ல அங்கிள், ஃபேமிலி கோர்ட் வராண்டாவுல எங்களோட காத்துக்கிட்டு இருக்கிறவங்க" என்றான் அவன். "நாளைக்கு எங்க டைவர்ஸ் கேஸ் வருது, அடுத்த ரேலி முடியிற வரைக்கும் வாய்தா கேட்டுட்டு, அப்படியே அந்த ஜோடிகளையும் கூட்டிட்டு வந்துர்றோம்."