வரையாடு தின்ற படம்

எஸ்தர் தன் இரண்டு மலை வரைபடங்களையும் பாறைமேல் விரித்து, பறக்காமல் கல் வைத்துவிட்டு, ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போனாள். அப்போது பசியோடு ஒரு வரையாடு வந்தது.

"என்னைத் தொடாதே! ஏரிக்கு ஒரே நேராக வழி காட்டுகிறவன் நான்," என்றது வண்ணப்படம். அதில் ஏரி நீலமாகவும் பாதை சிவப்பாகவும் பளபளத்தன. "தின்றே ஆகவேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனைத் தின்னு. மூஞ்சி முழுக்கச் சுருக்கம்."

பக்கத்துப் படத்தில் பழுப்புக் கோடுகள் மட்டும் வளைந்து வளைந்து ஓடின.

"இதெல்லாம் என்ன?" என்றது ஆடு.

"ஒவ்வொரு கோடும் ஓர் உயரம். கோடுகள் விலகி இருந்தால் ஏறலாம். நெருக்கியடித்தால் செங்குத்து," என்றது அந்தக் கோட்டுப்படம்.

ஆடு குனிந்து பார்த்தது. ஏரிக்குச் சற்று முன்னால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"போன மழையில் நானே வழுக்கிய இடம்! காலே இல்லாத உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒருத்தர் நடந்து நடந்து அளந்தார்."

ஆடு அதையே வியந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வண்ணப்படத்தைப் பார்த்தது. சிவப்புப் பாதை அதே இடத்தின் மேல் நேராகப் போனது.

எஸ்தர் ஓடி வந்தபோது வண்ணப்படத்தின் கடைசித் துண்டு ஆட்டின் வாயில் இருந்தது.

"அடப்பாவி, நல்லதைத் தின்னுட்டியே!" என்று திட்டிவிட்டு, மிஞ்சிய கோட்டுப்படத்தை எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏரிக்குச் சுற்றுவழியில் நடந்தாள்.

"ருசி எப்படி?" என்று போகிற போக்கில் கேட்டது கோட்டுப்படம்.

"வழவழவென்று இறங்கியது," என்றது ஆடு. "பல்லில் ஒரு மலைகூடத் தட்டுப்படவில்லை."