உள்ளங்கைச் சீனி

பொகவந்தலாவைத் தோட்டத்து யோகேஸ்வரனுக்கு குரலை இசைத்தட்டில் வெட்டிப் பதியும் பழைய இயந்திரம்தான் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அன்று ஊசியைச் சரிபார்க்க, மைக்கைக் கழற்றிவிட்டு வெறும் தட்டு ஒன்றை வெட்டினான். ஓட்டிப் பார்த்தபோது, இயந்திரம் வாங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அம்மாவின் குரல் கேட்டது.

"யோகா, தேத்தண்ணி ஆறுது. கைய நீட்டு, சீனி தாரேன்."

ஒரு வாய் தேத்தண்ணிக்கு ஒரு நக்குச் சீனி. அவள் அப்படித்தான் கொடுப்பாள். பழக்கதோஷம், கையை நீட்டிவிட்டான்.

அடுப்படியிலிருந்து மனைவி வினோதா வந்து பார்த்தாள். "கையில என்னங்க, சீனியா? ஒங்களுக்குச் சீனி வருத்தம்னு டாக்டர் சொன்னதுலருந்து நம்ம வீட்டுல வாங்குறதே இல்லையே!"

யோகேஸ்வரன் உள்ளங்கையை நக்கிக்கொண்டே ஊசியை மறுபடியும் தட்டின் ஓரத்தில் வைத்தான்.