பத்தாம் நம்பர் பனியன்

அடைமழையில் மூடிய கடை வாசலில் மூன்று நாய்கள் இருந்தன: தெருவுக்குக் காவலாகக் கருவாயன், அவன் பேச்சுக்குத் தலையாட்டச் செவலை, புதிதாக வந்து ஒதுங்கிய சொறியன்.

சொறியன் சிவப்புப் பனியன் போட்டிருந்தான். முதுகில் 10 என்று இருந்தது.

"சிவப்பா? மீன்சந்தைக் கூட்டத்து ஆளாடா நீ?" என்று உறுமினான் கருவாயன்.

"இல்லண்ணே. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. குளிருக்கு ஆகட்டும்னு பந்தாடுறவர் ஒருத்தர் தன்னோட பழசை மாட்டிவிட்டார்."

"அண்ணே, பத்துன்னு போட்டிருக்கு! இன்னும் ஒன்பது பேர் பின்னால வரானுங்க," என்றான் செவலை.

இருவரும் பாய்ந்து பனியனை இரண்டாகக் கிழித்தார்கள். சொறியன் நடுங்கினான். பயந்துவிட்டான் என்று இருவருக்கும் திருப்தி.

மழை வலுத்தது, தரை சில்லிட்டது. கருவாயன் ஒரு துண்டை இழுத்துப்போட்டு அதன்மேல் சுருண்டான். மற்றதன்மேல் செவலை படுத்தான்.

வாசலில் சிவப்பு இல்லாத நாய் இப்போது ஒன்றே ஒன்றுதான்.