ஒரு மணி நேர வேலை

"வாம்மா வா. நாயைக் கட்டியாச்சு" என்றார் சாமிக்கண்ணு, செலினா காரைவிட்டு இறங்குவதற்குள்.

மனுஷன் மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

புக்கிட் ரம்பாயில் ஓர் ஓரத்து வீடு. சாமிக்கண்ணு அதை விற்றுவிட்டு ஜொகூரில் மகளோடு போய் இருக்கப்போகிறார். வாங்குகிறவருக்கு வங்கி கடன் கொடுக்க வேண்டுமானால், வீடு என்ன பெறும் என்று ஒரு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதற்காக அளந்து, படம் பிடித்துப் போக வந்தவள்தான் செலினா. வேறொருவருக்குப் போக இருந்த வேலை. முகவரியைப் பார்த்ததும் கேட்டு வாங்கிக்கொண்டாள். காரணத்தை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயது வரை அவள் வளர்ந்த வீடு அது.

அம்மாவின் வைத்தியத்துக்காக அப்பா ஜார்ஜ் அதை இதே சாமிக்கண்ணுவிடம் விற்றார். வீடு மாறிய அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாமான் ஏற்றிய லோரியிலிருந்து குதித்து வீட்டைப் பார்த்து ஓடியவளைக் கேட்டிலேயே மறித்தவர் இவர்தான். லோரி நிக்குது, சாமான் நனையப் போவுது, ஏறு ஏறு என்று விரட்டினார். ஏறினாள். பதினேழு வருஷம் ஆகிறது.

அவள் ஓடியது ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான்.

வருஷா வருஷம் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த வெண்கட்டியால் அப்பா முன்கதவுக்கு மேலே உட்சுவரில் எழுதுவார். நடுவில் அந்த மூன்று ராஜாக்கள் பெயரின் முதலெழுத்து, சி, எம், பி. இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக அந்த வருஷம். அவர் நாற்காலிமேல் நிற்க, இவள் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொள்வாள். கடைசித் தடவை வேண்டுமென்றே ஆட்டிவிட்டாள். வருஷத்தின் கடைசி எண், எட்டு, கோணிக்கொண்டு போனது.

"இருக்கட்டும்லா. ராஜாவுங்க படிச்சுக்குவாங்க" என்று சிரித்தார் அப்பா.

அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எழுதியது என்று அவளிடம் இருப்பது, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் போட்ட நாலு கையெழுத்து மட்டும்.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே திரும்பிக் கதவுக்கு மேலே பார்த்தாள்.

சந்தனப் பொட்டு வைத்த பெரிய முருகன் படம். சுற்றிலும் பளிச்சென்று நீலச் சாயம்.

சரி, போயிற்று. அவர் வீடு, அவர் சாமி. யாரைக் குறை சொல்ல?

அறைகளையாவது ஆற அமரப் பார்க்கலாம் என்றால், அதற்கும் விடவில்லை. சாதாரணமாக ஒரு வீட்டை முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். சாவி தேடுவார்கள். பட்டா தேடுவார்கள். ஸ்டோர் கதவைத் திறக்கவிடாமல் பழைய மெத்தை கிடக்கும். இங்கே எல்லாக் கதவும் விரியத் திறந்திருந்தது. பட்டா நகல், வீட்டு வரி ரசீது, அடுப்படியை நீட்டியதற்கு வாங்கிய அனுமதிக் கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில். கட்டில், அலமாரியைக்கூடச் சுவரைவிட்டு இழுத்துப் போட்டிருந்தார். அவள் லேசர் அளவுக் கருவியை எடுக்குமுன் எதிர்ச்சுவரில் போய் நின்று, "லைட்டை அடிம்மா, அடி" என்றார்.

அம்மா உட்கார்ந்து தைக்கிற ஜன்னலோரம் வந்ததும் கால் தானாக நின்றது.

"அது ஜன்னல்தான். அடுத்த ரூம்."

அடுப்படியில் பழைய சிவப்புத் தரை அப்படியே இருந்தது. குனிந்து தொடப்போனாள். போட்டோ எடுத்தாயிற்றா, எடுத்தாயிற்றென்றால் கிளம்பு என்று பின்னாலேயே நின்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. "எதுக்கு அங்கிள் இவ்வளவு அவசரம்? நீங்க என்ன விரட்டினாலும் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைதான் போகும்."

"தெரியும். நீ முடி."

காசுக்குப் பறக்கிறார் கிழவர் என்று முடிவு கட்டினாள். வாங்குகிறவர் முன்பக்கத்தை இடித்து நீட்டப்போவதாக ஆபீஸில் பேச்சு. இனிமேல் வந்து பார்க்க ஒன்றும் இருக்காது. இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டார்.

கடைசிப் படத்தை எடுத்தாள். ஃபைலை மூடினாள். முடிந்தது, வருகிறேன் என்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

"இரு."

சாமிக்கண்ணு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணி வரைக்கும் நீ இங்கதான்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. இப்ப ஒம்பது இருபது. அவங்க வேலை முடிஞ்சிருச்சு. மிச்சம் நாப்பது நிமிஷம் உனக்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வர்றவ பேரு செலினா, தகப்பன் பேரு ஜார்ஜ்னு மெசேஜ் வந்துச்சு" என்றபடி ஒரு நாற்காலியை இழுத்து வந்து முன்கதவுக்கு நேராகப் போட்டார். "அன்னிக்கு உன்னை விரட்டிட்டு உள்ள வந்தப்புறம்தான் பார்த்தேன், நீ எதுக்கு ஓடி வந்தேன்னு. அதுக்குள்ள லோரி போயிருச்சு. ஏறு. முருகனை இறக்கு."

ஏறினாள். படத்தை மெல்லத் தூக்கி எடுத்தாள்.

நீலச் சுவருக்கு நடுவே, அந்தப் படத்தின் அளவுக்குப் பழைய மஞ்சள். பதினேழு வருஷமாகப் புதுச் சாயம் படாத மஞ்சள். அதில் வெள்ளையாக அப்பாவின் எழுத்து. சி, எம், பி. கடைசியில் கோணிக்கொண்டு போன எட்டு.

படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். இறங்க முடியவில்லை.

கீழே நாற்காலியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார் சாமிக்கண்ணு. இப்போது அவருக்கு ஓர் அவசரமும் இல்லை.